வெள்ளைக்கால் குதிரையின் பாட்டிமார்

இதனால் மேரிலாந்து மாநிலத்துக் கனவான்கள், சீமாட்டிகள், குதிரைப் பிரியர்கள் மற்றும் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: வீரமும் விவேகமும் ஒருங்கே அமையப்பெற்ற கர்னல் ஹொரேஷியோ வின்டல் அவர்களின் 'நிம்மதி' தோட்டத்தில் அவதரித்ததும், கிராண்ட் விசியர் என்னும் பெயர் பூண்டதுமான பந்தயக் குதிரை, இந்தப் பந்தய வாரம் முழுவதும் அன்னாபொலிஸ் நகரில் காட்சியளிக்கும். அதன் தாய் பெல்லோனா. பாட்டி ஃபேரி. கொள்ளுப்பாட்டி டயானா. எள்ளுப்பாட்டி செனோபியா, வலது பின்னங்கால் வெள்ளை, 1744ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் தேதி காலை பிறந்தது. இந்த ரத்தத்தில் எள்ளளவும் கலப்பில்லை என்பதற்குக் கர்னல் அவர்களின் தகப்பனார் கைப்பட எழுதிய குதிரைப் புத்தகமே சாட்சி.

ஹென்னி மேடாக்ஸ் படித்து முடித்துச் செய்தித்தாளை மடித்தாள். அவள் கொழுந்தன் நேஸ் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணி, இப்ப உக்காரலாமா? இல்ல குதிரையோட சித்தி, பெரியம்மா யாராச்சும் இன்னும் வரணுமா?"

"உக்காரு. சட்டை மேல உக்காராதே, அது நீதிபதியோடது."

1797ஆம் வருடத்து அன்னாபொலிஸில் துப்பறியும் இலாகா என்று ஒன்று கிடையாது. அதற்குப் பதிலாக ஹென்னி இருந்தாள். ஐம்பது வயது, விதவை, சலவைக்காரி. ஒரு வீட்டின் அழுக்குத் துணி ஒரு வாரம் அவள் கையில் இருந்தால் போதும், அந்த வீட்டார் பாதிரியாரிடம் சொன்னது, சொல்லாதது எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். எழுத்தும் படிப்பாள். அவளும் நேஸும் சுதந்திரம் பெற்ற கறுப்பர்கள். பிரசங்கம் கேட்டு மனம் மாறிய ஒரு கிழ எஜமான் சாகும்போது விடுவித்துவிட்டுப் போனவர்கள். நாற்பது வயது நேஸ் கடலில் சிப்பி அள்ளி, தெருவில் விற்று, இரண்டுக்கும் நடுவில் வாயாடிப் பிழைத்துவந்தான்.

அவன் மனைவி லெத்தி சுதந்திரம் பெற்றவள் இல்லை. அவளும், ஒன்பது வயது பேஷன்ஸும், ஆறு வயது நெல்லும் கர்னல் வின்டலின் உடைமை. நேஸ் ஞாயிற்றுக்கிழமைக் கணவன், ஞாயிற்றுக்கிழமைத் தகப்பன். மற்ற ஆறு நாளும் அந்தப் பதவியில் அவன் கிடையாது.

ஹென்னி இந்த வழக்கை எடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வழக்கு மிக எளிது. தாய் சுதந்திரமானவள் என்றால் பிள்ளையும் சுதந்திரம், தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை என்பது சட்டம். தகப்பன் யார் என்று சட்டம் கேட்பதில்லை. கேட்டால் பல பெரிய வீடுகளில் விருந்து பாதியில் நின்றுபோகும். லெத்தியின் பாட்டி ஜூடித்தை, பெரியம்மை கண்ட தன்னை உயிரோடு மீட்டதற்காகக் கர்னலின் தகப்பனார் விடுவித்தார். 1744 மே 4ஆம் தேதி. பத்திரம் நீதிமன்றப் பெட்டியில் இருக்கிறது. அப்போது ஜூடித்தின் வயிற்றில் இருந்த பிள்ளை, அதாவது லெத்தியின் தாய், அந்தத் தேதிக்குப் பின்னால் பிறந்திருந்தால் அவள் சுதந்திரப் பிறவி. அவள் வழியில் லெத்தியும் சுதந்திரம், பெண்கள் இரண்டும் சுதந்திரம். முன்னால் பிறந்திருந்தால் மூவரும் கர்னலுக்கு.

எப்போது பிறந்தாள்? தெரியாது. அடிமைக் குழந்தை பிறந்த தேதியை யார் எழுதி வைப்பார்கள்? "மார்ச் மாதம் என்று என் தகப்பனார் சொல்லக் கேள்வி" என்று கர்னல் சொல்லிவிட்டார். கர்னல் சொன்னால் அது கேள்வி இல்லை, பதில்.

"லெத்தியோட அம்மா ஒண்ணு சொல்லுவாளே, அதை மறுபடி சொல்லு" என்றாள் ஹென்னி.

நேஸுக்கு அது மனப்பாடம். லெத்தி வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் பிறந்தநாள் அன்று சொல்லப்படுவது. "'நானும் வெள்ளைக்கால் குட்டியும் ஒரே காலையில விழுந்தோம். அது எழுந்து நின்னுச்சு, எல்லாரும் கை தட்டினாங்க. நான் எழுந்து நிக்கல, எங்கப்பனுக்குச் சவுக்கடி விழுந்துச்சு.' இதானே? எந்தத் தோட்டத்துல வெள்ளைக்கால் குதிரை இல்ல அண்ணி? நூறு இருக்கும்."

"நூறு இருக்கும். பேப்பர்ல ஒண்ணுதான் வந்திருக்கு." ஹென்னி செனோபியாவின் மேல் விரலை வைத்தாள். "ஜூடித் புருஷன், கேட்டோன்னு பேரு, குதிரைக்காரன். குதிரை ஈனும்போது அவன் குதிரைகிட்ட நிக்கணும். பொண்டாட்டிகிட்ட போயிட்டான், அதான் அடி. மே பத்தொன்பது, நேஸு. பத்திரம் எழுதி பதினஞ்சு நாள் கழிச்சு."

நேஸ் தொப்பியைத் தலையில் வைத்தான். மறுபடி கழற்றினான்.

"குதிரைக்கு எள்ளுப்பாட்டி வரைக்கும் தெரியுது. எம் பொண்டாட்டிக்கு ஒரு பாட்டிய நிரூபிக்க எட்டு மாசம்."

"குதிரைப் பாட்டிதான் மனுஷப் பாட்டிய காட்டிக் கொடுக்கப் போறா. சட்டையைக் குடு. வக்கீலைப் பாக்கணும்."

வக்கீல் எலியாஸ் கிம்பல் இளைஞர், நல்லவர். நல்லவர் என்பதால் கட்சிக்காரர்கள் குறைவு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பொய்முடிக்குப் போட்ட மாவு மூக்கில் ஏறி இரண்டு முறை தும்மினார்.

"பிரமாதம். நூத்துக்கு நூறு உண்மை. ஆனா பிரயோஜனம் இல்ல. வெள்ளைக்காரருக்கு எதிரா கறுப்பர் சாட்சி சொன்னா கோர்ட்டு ஏத்துக்காது. இது லெத்தி சொன்னது, லெத்தி அம்மா சொன்னது, நீ சொல்றது. உண்மையை உண்மையாக்க ஒரு வெள்ளைக்கார வாய் வேணும்."

"வாடகைக்குக் கிடைக்குமா வக்கீலய்யா? ஒரு மத்தியானம் போதும்" என்றான் நேஸ்.

"இல்லாட்டி வெள்ளைக்காரர் கையெழுத்துல ஒரு தாள். அது இருந்தா அன்னிக்கே மனு போடலாம். மனு ஏறின நிமிஷத்துலேருந்து லெத்தியையும் பிள்ளைங்களையும் மாநில எல்லையைத் தாண்டிக் கொண்டுபோகக் கூடாதுன்னு கர்னலுக்கு உத்தரவு வந்துடும். அப்புறம் வருஷக்கணக்கா வாதாடலாம். ஆனா மனு ஏறணும். எல்லைக்கு அந்தப் பக்கம் போயிட்டா இந்தக் கோர்ட்டுக்கு அவங்க யாரோ."

"அந்தக் குதிரைப் புத்தகம்?" என்றாள் ஹென்னி.

"அதுல குதிரை பிறந்தது இருக்கும். மனுஷி பிறந்தது எதுக்கு இருக்கும்?"

"கர்னலோட தகப்பனார் கொள்ளுக்கணக்கைக்கூட எழுதி வெச்ச மனுஷன். அடிச்சிருக்காரு. ஏன் அடிச்சேன்னு எழுதாம இருப்பாரா? குதிரைக்குப் பங்கம் வந்த விஷயம் ஐயா, மனுஷனுக்கு வந்திருந்தா எழுதியிருக்க மாட்டாரு."

கிம்பல் மூன்றாவது தும்மலைப் பாதியில் நிறுத்தினார். பிறகு அவர் முகம் தொங்கியது. "இருக்கட்டும். புத்தகத்தைக் காட்டுங்கன்னு கர்னலை யார் கேக்குறது? எதுக்குன்னு தெரிஞ்சா அன்னிக்கே அடுப்புல போட்டுடுவாரு."

"நாம கேக்கக் கூடாது. அவரே கொண்டாந்து, ஊர் முன்னாடி தொறந்து, எழுத்துக்கு எழுத்து உண்மைன்னு சத்தியம் பண்ணணும்" என்றாள் ஹென்னி. "அதுக்கு அவரோட குதிரையைப் பத்தி யாராச்சும் அசிங்கமாப் பேசணும்."

நேஸ் எழுந்து குனிந்து வணங்கினான். "அடியேன்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பந்தய வாரத்துக்குக் குதிரையோடு லெத்தியும் பிள்ளைகளும் ஊருக்கு வந்திருந்தார்கள். கேட்டோ காலத்திலிருந்து அந்தக் குதிரை வம்சத்தைப் பார்த்துக்கொள்வது அந்தக் குடும்பத்தின் வேலை. பச்சைக் கிளி விடுதியின் பின்னாலிருந்த லாயத்தில் கிராண்ட் விசியருக்குக் கம்பளி போர்த்தியிருந்தது. சின்னவள் நெல், கவிழ்த்த வாளி மேல் ஏறி நின்று அதன் பிடரியைப் பின்னிக்கொண்டிருந்தாள். நேஸ் விஷயத்தைச் சொன்னான்.

லெத்தி கையிலிருந்த தூரிகையைக் கீழே வைக்கவில்லை. "பச்சைத் தோல் அட்டை, ரெண்டு கொக்கி. சாப்பாட்டுக் கூடத்துல பைபிள் பக்கத்துல இருக்கும். பைபிள்ல அந்த வீட்டுப் பிள்ளைங்க பேரு. அதுல குதிரைப் பேரு. நான் தூசி தட்டுற புத்தகத்துலயா எங்கம்மா இருக்கா?"

"இருந்தாலும் இருக்கலாம்."

"யோவ், ஜெயிச்சா அன்னிக்கி ராத்திரி எங்க படுக்குறது?"

"அண்ணி வீட்டுல. துணி மூட்டை மேல."

"அழுக்கா, வெளுத்ததா?"

"சுதந்திரம் கிடைச்ச அன்னிக்கு வெளுத்தது. மறுநாள்லேருந்து அழுக்கு."

லெத்தி சிரித்தாள். அப்புறம் குதிரையின் விலாவைத் தேய்த்துக்கொண்டே, அவனைப் பார்க்காமல் சொன்னாள்: "கரோலினாவுலேருந்து ஒரு மேஜர் துரை வந்திருக்காரு. குதிரையை வாங்க யோசிக்கிறாராம், கப்பலோட வந்திருக்காரு. நேத்து குதிரையோட பல்லைப் பாத்தாரு. அப்புறம் பேஷன்ஸோட பல்லைப் பாத்தாரு."

நேஸ் குதிரை மேலிருந்த கம்பளியை இழுத்துச் சரிசெய்தான்.

"குதிரையைப் பத்தி மட்டும்தான் பேசினாரு" என்றாள் லெத்தி, அவனுக்காகவே சொல்வதைப் போல.

"அப்பா, குதிரைக்கு ரிப்பன் வேணும்" என்றாள் நெல்.

நேஸ் இதை அண்ணியிடம் சொல்லவில்லை. அவன் எதைச் சொன்னாலும் வேடிக்கையாகச் சொல்லிப் பழகியவன். இதை வேடிக்கையாகச் சொல்ல அவனுக்கு வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தான். மறுநாள் வேலை அதிகமாக இருந்தது.

என்ன வேலை என்றால், திங்கட்கிழமை காலை ஹென்னி வெளுத்த சட்டைகளை ஏழு வீடுகளில் கொடுத்தாள். ஒவ்வொரு வீட்டுப் பின்வாசலிலும், யாரிடமும் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னாள். நேஸ் பதினொரு தெருவில் சிப்பி விற்றான். அவனும் யாரிடமும் சொல்லக்கூடாது என்றுதான் சொன்னான். செனோபியாவின் தகப்பன் அரபு ரத்தம் இல்லையாம், டம்ப்ளிங், அதாவது கொழுக்கட்டை, என்கிற உழவுக் குதிரையாம், வேலியைத் தாண்டி வந்ததாம். மத்தியானத்துக்குள் சமையல்கட்டிலிருந்து செய்தி கூடத்துக்கு ஏறியது. மாலைக்குள் கனவான்கள் அதைத் தாங்களே கண்டுபிடித்ததாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை கர்னல் நடந்துபோன தெருவில் யாரோ மாடியிலிருந்து "டம்ப்ளிங்!" என்று கூவினார்கள்.

தன்னைக் கோழை என்றால் கர்னல் பொறுத்திருப்பார். விடுதலைப் போரில் அவர் பார்த்த ஒரே ரத்தம் சவரம் செய்தபோது வந்தது என்பது ஊரறிந்தது. ஆனால் குதிரையின் எள்ளுப்பாட்டியின் கற்பு வேறு விஷயம். புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பச்சைக் கிளி விடுதியில், சமாதான நீதிபதி முன்னிலையில், தான் சத்தியப் பிரமாணம் செய்யப்போவதாக அறிவித்தார். புத்தகத்தைத் தோட்டத்திலிருந்து தனி வண்டியில் வரவழைத்தார்.

புதன்கிழமை காலை விடுதிக் கூடம் நிரம்பியிருந்தது. மூலையில் ஒரு பீப்பாய்க்குப் பின்னால் நேஸ் சிப்பி உடைத்துக்கொண்டிருந்தான். கையில் தட்டோ கத்தியோ இருக்கும் கறுப்பன் அந்த ஊரில் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டான். முன்வரிசையில் வக்கீல் கிம்பல், பந்தயத்தில் திடீர் அக்கறை வந்தவராக உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் கரோலினா மேஜர் அம்ப்ரோஸ் டிலெய்ன். பெரிய உடம்பு, சிரித்த முகம், பல் முப்பத்திரண்டும் தெரியும் சிரிப்பு.

கர்னல் பைபிள் மேல் கை வைத்தார். "இந்தப் புத்தகத்தில் என் தகப்பனார் எழுதிய ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று, கடவுள் சாட்சியாக, என் மானம் சாட்சியாக—"

"ஒவ்வொரு சொல்லும்?" என்றார் கிம்பல் பணிவாக.

"ஒவ்வொரு சொல்லும், ஐயா! ஒவ்வொரு காற்புள்ளியும்!"

நீதிபதியின் குமாஸ்தா அதை எழுதினார். கர்னல் கொக்கிகளை விடுவித்து, பக்கத்தைத் திருப்பி, போர்க்களத்தில் முழங்கவேண்டிய குரலில் விடுதியில் முழங்கினார்:

"'மே 19, சனிக்கிழமை, காலை ஏழு மணி. ஜூனோ பெண் குட்டி ஈன்றாள். செந்நிறம். வலது பின்னங்கால் வெள்ளை. தகப்பன் சுல்தான், வேறு எதுவும் அண்ட விடப்படவில்லை.' கேட்டீர்களா கனவான்களே? வேறு எதுவும்!"

கைதட்டல். நேஸ் கத்தியை நிறுத்தினான். கர்னல் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவாரோ? ஆனால் கைதட்டலைக் கேட்ட கர்னலை நிறுத்த யாராலும் முடியாது.

"'குதிரைக்காரன் கேட்டோ அருகில் இல்லை. அவன் மனைவி, தற்போது சுதந்திரம் பெற்றவளான ஜூடித், அதே வேளையில் பெண் பெற்றதாகக் காரணம் கூறினான். காரணம் ஏற்கப்படவில்லை. பன்னிரண்டு அடி. குட்டி நலம்.'"

கூடம் சிரித்தது. கர்னலும் சிரித்தார். அவர் அந்த வரிகளில் குதிரையை மட்டுமே தேடினார், குதிரை பத்திரமாக இருந்தது. நேஸின் கத்தி சிப்பியை விட்டுக் கட்டைவிரலில் இறங்கியிருந்தது. தற்போது சுதந்திரம் பெற்றவள். அதே வேளையில். ஐம்பத்து மூன்று வருஷம் கொக்கி போட்டு மூடிவைத்த சாட்சியை, வெள்ளைக்கார வாய் ஒன்று ஊரார் முன்னால் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறது.

முத்திரை வைத்தாயிற்று. பந்தயக் கழகத்துக்கு ஒரு நகல் வேண்டும் என்றார் கிம்பல். குமாஸ்தா மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தார். கிம்பல் அந்தத் தாளோடு பின்கதவுப் பக்கம் நகர்ந்தபோது, மேஜர் டிலெய்ன் விரலை உயர்த்திச் சிரித்தபடி, "கர்னல், எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்—" என்று ஆரம்பித்தார்.

அந்தச் சந்தேகம் என்ன என்று கேட்க நேஸ் நிற்கவில்லை. ஏப்ரனோடு பின்கதவு வழியே நீதிமன்றத்துக்கு ஓடினான். லாயத்து வாசலில் லெத்தி வாளியோடு நின்றிருந்தாள். நின்று சொல்லியிருக்கலாம். ஐம்பது அடிதான் தூரம். ஆனால் வெறும் வாயால் சொல்ல அவனுக்கு விருப்பமில்லை. நீதிமன்ற முத்திரை போட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றிக் குனிந்து, இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில் என்று ஆரம்பிக்க வேண்டும். வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு போனான். சிப்பிக் கத்தியைத் தலைக்கு மேல் ஆட்டினான். அவளும் கையை ஆட்டினாள்.

நீதிமன்றத்தில் ஹென்னி காத்திருந்தாள். கிம்பல் அரை மணியில் மனுவை எழுதினார். பதிவு அறைக் கதவில் பூட்டுத் தொங்கியது.

"பதிவாளர் சாப்பிடப் போயிருக்காரு" என்றான் காவலாள்.

"எப்ப வருவாரு?"

"சாப்பிட்டு."

வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். பதிவாளர் சாப்பிடும்போது யாரையும் பார்ப்பதில்லை என்று வேலைக்காரி கதவைச் சாத்தினாள். ஜன்னல் வழியாக நேஸுக்கு அவர் தெரிந்தார். கழுத்தில் துணி கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, காலையில் நேஸ் கொண்டுவந்து கொடுத்த சிப்பிகளை ஒவ்வொன்றாக உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"எத்தனை குடுத்தே?" என்றாள் ஹென்னி.

"மூணு டஜன். பெருசாப் பாத்துப் பொறுக்கிக் குடுத்தேன் அண்ணி. நல்ல வாடிக்கை."

மூன்று டஜன் முடிய இரண்டு மணி ஆயிற்று. மனு ஏறியது. உத்தரவு கைக்கு வந்தபோது மணி மூன்று. 'லெத்தி என்பவளும் அவள் மக்கள் இருவரும் இம்மாநில எல்லைக்கு வெளியே கொண்டுசெல்லப்படலாகாது.' ஹென்னி அதை இரண்டு முறை படித்துக் காட்டினாள். நேஸ் மூன்றாவது முறையும் கேட்டான்.

லாயத்தில் கிழவன் ஸ்கிப்பியோ வைக்கோலைப் பெருக்கிக்கொண்டிருந்தான். விடுதிக்காரரின் லாயக்காரன் அவன். கிராண்ட் விசியர் நின்ற இடம் காலியாக இருந்தது. வாளி கவிழ்த்தபடி இருந்தது.

"பந்தயத் திடலுக்கா போயிருக்கு?" என்றாள் ஹென்னி.

ஸ்கிப்பியோ துடைப்பத்தின் மேல் சாய்ந்தான். நேஸைப் பார்க்காமல் ஹென்னியைப் பார்த்துப் பேசினான்.

"மேஜர் வாங்கிட்டாரும்மா. இத்தனை நாள் யோசிச்சாரு, இன்னிக்கி அந்தப் புத்தகத்தைக் கேட்டதும் ஒரே பேச்சுல முடிச்சிட்டாரு. சாராயம் ஊத்தக் கூடத்துக்குள்ள போனேன், எங்காதால கேட்டேன். 'அந்தக் குட்டியோட ஒரே நேரத்துல பொறந்த பொண்ணு, அவ வம்சம் இன்னும் இருக்கா?'ன்னாரு. கர்னல் பெருமையா, 'இருக்கே, பின்னாடி லாயத்துல குதிரை தேச்சுக்கிட்டிருக்கா'ன்னாரு. மேஜருக்குச் சந்தோஷம் தாங்கல. அம்பது வருஷமா சேந்தே இருக்குற ரெண்டு வம்சத்தைப் பிரிக்கிறது பாவம்னாரு. கர்னலுக்குக் கண்ணு கலங்கிருச்சு. 'எடுத்துக்கங்க, என் அன்பளிப்பு'ன்னாரு. எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க."

"எப்ப?" என்றாள் ஹென்னி.

"ஒரு மணி ஓதத்துல, கடல் தண்ணி எறங்குறப்பவே கப்பல் போயிருச்சு."

"மேஜர் மனுஷங்களையும் வாங்குவாருன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள் ஹென்னி. அவள் வாழ்க்கையில் தப்பாகக் கணித்தது அபூர்வம், அதைச் சொல்லும் குரலும் அவளுக்குப் பழக்கமில்லை. "ஒரு துப்பு, ஒரு சின்னத் துப்பு இருந்திருந்தா..."

"பேஷன்ஸ் பல்லைப் பாத்தாரு, அண்ணி" என்றான் நேஸ். "சனிக்கிழமை."

ஹென்னி அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பார்வையை எடுத்துக்கொண்டாள்.

"லெத்தி ஏதாச்சும் சொன்னாளா?" என்று அவன் ஸ்கிப்பியோவைக் கேட்டான்.

"நீ ஓடுனதைப் பாத்தாளாம். 'என்னமோ நல்ல சேதி போல, இப்பிடி ஓடுறான்'னா. கெளம்பும்போது, வந்தா சொல்லச் சொன்னா..." கிழவன் மறுபடி பெருக்க ஆரம்பித்தான். "சின்னவளுக்கு ரிப்பன் வேணாமாம். குதிரைக்கு மேஜரே வாங்கிக் குடுத்துட்டாராம்."

துறைமுகத்துக்கு ஓடினார்கள். நேஸின் சிப்பிப் படகு கரைக் கம்பத்தில் கட்டியிருந்தது. ஒற்றைப் பாய், இரண்டு துடுப்பு. அவன் கயிற்றில் கை வைத்தான். அவிழ்க்கவில்லை. தலையை நிமிர்த்திக் கொடிமரத்தைப் பார்த்தான். வடமேற்குக் காற்று, அவன் முப்பது வருஷமாகப் படித்துவரும் காற்று. பெரிய கப்பலுக்கு அதைவிட நல்ல காற்றை வேண்டிக் கேட்டாலும் கிடைக்காது. இருட்டுவதற்குள் அது எங்கே இருக்கும், விடியும்போது எந்த முனையைத் தாண்டியிருக்கும் என்பதையெல்லாம் விரல் விட்டுச் சொல்ல அவனால் முடியும். யாரும் கேட்கவில்லை.

கிம்பல் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "உத்தரவு செல்லும்! முழுசாச் செல்லும்!" என்றார். தும்மினார். "எல்லை வரைக்கும்."

அன்று மாலை ஹென்னி தன் வீட்டில், மற்றதிலிருந்து பிரித்துத் தனியாக வைத்திருந்த வெளுத்த துணி மூட்டையை அவிழ்த்து, ஒவ்வொரு துணியையும் அதன் வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். நேஸ் உத்தரவை மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டான். கரோலினாவுக்குக் கிம்பல் நான்கு கடிதம் எழுதினார். ஒன்றுக்குப் பதில் வந்தது, அந்த மாநிலத்தில் அப்படி ஒரு மனுவுக்கு வழியில்லை என்று. நேஸே போகலாமா என்று ஒரு நாள் கேட்டான். அங்கே கரையில் கால் வைத்த கறுப்பனின் விடுதலைப் பத்திரத்தை முதலில் பார்ப்பவன் கிழித்துப் போட்டால் கேட்க ஆள் கிடையாது என்றார் கிம்பல். அவர் பொய் சொல்பவர் இல்லை.

வழக்கு அக்டோபரில் விசாரணைக்கு வந்தது. கர்னல் தன் சத்தியத்திலிருந்து ஒரு காற்புள்ளிகூடப் பின்வாங்கவில்லை. பின்வாங்கினால் குதிரைக்கு இழுக்கு. நீதிபதி, ஹென்னி வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பச்சைத் தோல் புத்தகத்தை ஆதாரமாக ஏற்று, லெத்தியும் பேஷன்ஸும் நெல்லும் பிறந்த நாள் முதலே சுதந்திரமானவர்கள் என்று தீர்ப்பளித்தார். மாநிலத்தின் வரலாற்றில் இவ்வளவு ஐயமற்ற சாட்சியத்தைத் தான் கண்டதில்லை என்றும் சொன்னார். மனுதாரர்கள் எங்கே என்று கேட்டார். இல்லை என்றார்கள். சாப்பாட்டு வேளை ஆகிவிட்டது என்று நீதிமன்றம் கலைந்தது.

நவம்பரில் ஒரு செய்தித்தாள் வந்தது. ஹென்னி படித்தாள், நேஸ் தொப்பியோடு நின்று கேட்டான். கிராண்ட் விசியர் கரோலினாவில் மேஜர் டிலெய்ன் அவர்களின் தோட்டத்துக்கு வந்து சேர்ந்துவிட்டதாகவும், அதன் தாய், பாட்டி, கொள்ளுப்பாட்டி, எள்ளுப்பாட்டி இன்னின்னார் என்றும் விவரமாக அச்சிட்டிருந்தார்கள். கூடப் போனவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை.

குதிரை நலம் என்று போட்டிருந்தது.